சுவரில் பாதி வசனம்

பஸ்ஸில் முன் இருக்கை அம்மாளின் நெற்றி நிறையத் திருநீறு. மடியில் வேளாங்கண்ணி மாதாவுக்குச் சாத்தப் பட்டுச்சேலை.

வழியில் ஒரு சுவரில் இயேசுவின் வசனம்: "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்". வாசித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்ற மறுபாதி சுவரில் இல்லை. தகராறே அதில்தான்: கிறிஸ்துவை ஏற்காதவருக்கு மீட்பு உண்டா, இல்லையா?

பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றது, 1965-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம். 2000-இல் வத்திக்கான் அறிக்கையோ, மீட்பர் கிறிஸ்து ஒருவரே என்று அழுத்தியது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இறையியலாளர்களே திணறுகிறார்கள்.

ஒரே வழி என்று நம்புவதை ஆணவம் என்று சொல்லமாட்டேன். முழுமனதாக நம்புகிறவர் வேறெப்படி நம்புவார்? ஆனால் அந்த அம்மாளுக்கு நரகம்தான் என்று தீர்ப்பெழுதும் போதகரோடு எனக்கு வழக்கு உண்டு. சேலையை வாங்கி மாதாவுக்குச் சாத்துகிற கோயிலே அந்த அம்மாளிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை.