உள்ளூர்க் கணக்கு: நீடாமங்கலம் கடைக் குறிப்புகள்

செப்டம்பர் 29, 2025, திங்கள்

காலையில் ஷட்டரைத் தூக்க வரும்போதே அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மடியில் துண்டு சுற்றிய லேப்டாப்.

"போர்டு மாத்திக் குடுத்தாங்க தம்பி. அதுலேருந்து நீலமா வந்து நிக்குது. ஏதோ நம்பர் கேக்குது."

திறந்ததும் தெரிந்துவிட்டது. விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவி, 48 இலக்கம். விண்டோஸ் 11 ஓடும் பல லேப்டாப்புகளில் மைக்ரோசாப்ட் இணையக் கணக்கோடு ஒருமுறை உள்ளே போனாலே வட்டு முழுவதும் தானாகக் குறியாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பை நம்பி நிற்கிறது. போர்டு மாறினால் சிப்பும் மாறும், உடனே 48 இலக்கத்தைக் கேட்கும். அந்த இலக்கங்கள் இருப்பது இணையக் கணக்கில்.

அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவன் நான். 2023இல், மகன் காலேஜில் சேர்ந்தபோது. அக்காவுக்கு மெயில் கிடையாது. கடையில் கூட்டம். மகனின் எண்ணைப் போட்டு ஒரு மெயில் திறந்து, கடவுச்சொல்லைக் கடை கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அக்கா அந்தக் கார்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து இன்றைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். கடவுச்சொல் சரியாகவே இருந்தது. ஆனால் அதற்கு மேல் ஒரு குறியீடு வேண்டும், அது மகனின் பழைய எண்ணுக்குப் போகும். பையன் திருப்பூர் போனதும் அந்த சிம்மை விட்டுவிட்டான். ரீசார்ஜ் செய்யாமல் கிடந்தால் எண் வேறு ஒருவருக்குப் போய்விடும். அழைத்துப் பார்த்தேன், யாரோ இந்தியில் பேசினார்.

ஒரு வழி இருக்கிறது. பழைய எண் கையில் இல்லை என்று சொல்லிப் புது எண்ணைக் கொடுக்கலாம். 30 நாள் காத்திருக்க வேண்டும். திருடன் இதே வேலையைச் செய்தால் சொந்தக்காரருக்குத் தெரிய அவகாசம் வேண்டுமல்லவா, அதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு. அக்காவின் பட்டன் போன் எண்ணைக் கொடுத்தேன்.

"அவுங்க போட்டோவெல்லாம் இதுலதான் தம்பி இருக்கு" என்றார் கிளம்பும்போது. அண்ணன், அக்காவின் வீட்டுக்காரர், போன தையில் தவறிவிட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சிஸ்டம், பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொரி கடலை வாங்க வந்த பிள்ளைகள் போன பிறகு பழைய சர்வீஸ் நோட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்துக்கு மூன்று நான்கு பேருக்காவது "மெயில் திறந்து கொடுத்தது" என்று என் கையெழுத்து. சில இடத்தில் எண் பக்கத்து வீட்டுப் பையனுடையது. ஒரு இடத்தில் என் கடை எண்ணே. இவர்களில் யாருக்கும் அந்தக் கணக்கு வேண்டும் என்று தோன்றியதில்லை. சிட்டா அடங்கல் எடுக்க, பிள்ளைக்குக் கவுன்சிலிங் பார்க்க, கடைக் கணக்கு எழுதக் கணினி வாங்கினார்கள். செட்டப் திரை கேட்டது, நான் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மெயிலிலேயே வாழ்கிறவருக்கு இணையக் கணக்கு நல்லதுதான். சாவி தொலையாது, படம் மேலே ஏறிவிடும். நம் பக்கத்தில் எண் மாறும், மெயில் மறக்கும், கணக்கைத் திறந்தவன் ஊரை விட்டுப் போவான். சாமானை வாங்கியவருக்கு அதைத் திறக்கும் உரிமை இன்னொருவரின் சிம்மில் தொங்கக் கூடாது.

இனி வாடிக்கையாளர் தானாகக் கேட்டாலொழிய, மெயில் இல்லாமல் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும் உள்ளூர்க் கணக்கு மட்டும்தான். முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

வாத்தியார் ஐயா புது லேப்டாப்போடு வந்தார். ஓய்வு பெற்று நெடுநாளாயிற்று. இந்த வட்டாரத்து வாய்க்கால்களின் பழைய பெயர்களைத் தொகுத்து எழுதிக்கொண்டிருக்கிறார், தமிழ்99 விசைப்பலகையில் விரல் பார்க்காமல் அடிப்பவர்.

விண்டோஸ் 11 வெளிவந்த 2021 அக்டோபரிலிருந்தே ஹோம் பதிப்பில் இணையமும் மைக்ரோசாப்ட் கணக்கும் கட்டாயம். 2022இல் 22எச்2 என்ற வெளியீடு வந்தபோது சொந்த உபயோகத்துக்கான ப்ரோ பதிப்புக்கும் அதே விதி. ஆரம்பத்தில் சில பொய் மெயில்களில் ஒன்றைப் போட்டுத் தப்பான கடவுச்சொல் கொடுத்தால் உள்ளூர்க் கணக்குக்கு வழி விட்டது. போன வருடம் அதையும் அடைத்துவிட்டார்கள்.

ஐயாவுடையது 24எச்2 வெளியீடு. நாடு, விசைப்பலகை கேட்டுவிட்டு நெட்வொர்க் திரையில் வந்து நின்றது. வைஃபை கொடுக்கவில்லை, 'அடுத்து' பட்டன் மங்கிக் கிடந்தது. ஷிப்டும் எஃப்10ம் சேர்த்து அழுத்தினேன் (சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டும்). கறுப்பு ஜன்னல் வந்தது. அதே நேரம் மன்னார்குடியிலிருந்து நண்பன் போனில், அவனும் இதே திரையில் நிற்கிறான். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன்: "ஓ, ஓ, பி, இ. இடம் விடாதே. பின்பக்கம் சாய்ந்த கோடு. அப்புறம் பைபாஸ், ஒட்டியே என், ஆர், ஓ. என்டர் தட்டு." இரண்டு ஊரிலும் இரண்டு லேப்டாப்பும் அணைந்து எழுந்தன. இந்த முறை அதே நெட்வொர்க் திரையில், முன்னால் இல்லாத ஒரு வரி: என்னிடம் இணையம் இல்லை. அதைத் தொட்டால் பெயர் கேட்கும், கடவுச்சொல் கேட்கும், மறந்தால் திறக்க மூன்று கேள்வி கேட்கும்.

கேள்விப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். உங்கள் பெற்றோர் சந்தித்த ஊர் எது? ஐயா யோசித்துவிட்டு, "முகூர்த்தத்துக்கு முன்னாடி எங்கப்பா எங்கம்மாவைப் பார்த்ததே இல்லியே. கல்யாணம் நடந்த ஊரைப் போடு" என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்று வந்த சோதனைப் பதிப்பில் செட்டப்பின்போது உள்ளூர்க் கணக்கு உருவாக்கும் அறியப்பட்ட வழிகளை எடுத்துவிட்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்திருக்கிறது. முக்கியமான சில திரைகளை அந்த வழிகள் தாண்டிவிடுவதால் கணினி முழுதாகத் தயாராகாமல் போகலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். சனிக்கிழமை நான் அடித்த பைபாஸ் கட்டளையின் கோப்பை மார்ச்சிலேயே ஒரு சோதனைப் பதிப்பில் எடுத்தார்கள். அதன்பின் மக்கள் கண்டுபிடித்த இன்னொரு ஒற்றை வரிக் கட்டளைக்கும் இப்போது முடிவு வருகிறது. சோதனைப் பதிப்புக்கு வந்தது நாளைக்குக் கடைக்கு வரும் பெட்டியிலும் வந்துவிடும்.

பயனர் கோப்புறைக்கு நாமே பெயர் வைக்க ஒரு வழி அதே பதிப்பில் வந்திருக்கிறது. இதுவரை மெயிலின் முதல் ஐந்து எழுத்துதான் கோப்புறைப் பெயர். அது நல்ல காரியம், மறுக்கவில்லை.

ஆனாலும் அந்தக் காரணம் எனக்கு ஏறவில்லை. திரை தாண்டுவதுதான் கவலை என்றால் "இணையக் கணக்கு வேண்டாம்" என்று ஒரு பட்டனை நேராக வைத்துவிட்டு மற்ற திரைகளைக் காட்டலாம். விண்டோஸ் 10இல் அப்படி வாசல் இருந்தது.

அக்டோபர் 11, சனி

பென் டிரைவ் வேலை. விண்டோஸ் போடும் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருளில் விண்டோஸ் 11 கோப்பைக் கொடுத்து ஸ்டார்ட் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வரும். இணையக் கணக்கு வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கு, இந்தப் பெயரில் உள்ளூர்க் கணக்கு உருவாக்கு, தானாகக் குறியாக்கம் செய்யாதே. மூன்றிலும் டிக். பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிப் பென் டிரைவில் வைத்துவிடுகிறது, செட்டப் அதைப் படித்துக்கொண்டு போகிறது. அலுவலகங்களில் நூறு கணினிக்கு ஒரே மாதிரி ஓ.எஸ். போட மைக்ரோசாப்டே கொடுத்திருக்கும் முறைதான் இது. அதனால் சுலபத்தில் அடைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஓ.எஸ். ஏற்றிவந்த புது லேப்டாப்பில் மட்டும், அழித்துப் புதிதாகப் போட்டால்தான் இது பயன்படும்.

ப்ரோ பதிப்பு என்றால் பென் டிரைவே வேண்டாம். வேலை அல்லது பள்ளிக்கு என்று தேர்ந்து, உள்நுழையும் வழிகளில் டொமைனில் சேர்வது என்பதைத் தொட்டால் நேராகப் பெயர் கேட்கும்.

விண்டோஸ் 11க்கு டிபிஎம் சிப் வேண்டும் என்ற நிபந்தனையையும் ரூஃபஸ் நீக்கும். பழைய சிஸ்டத்துக்கு அப்படிப் போட எனக்கு மனமில்லை, பெரிய அப்டேட்டில் கைவிட்டுவிடலாம். அவற்றுக்கு லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஓ.எஸ். பெயர், கடவுச்சொல், எந்த ஊர் நேரம், அவ்வளவுதான் கேட்கும். 2011இல் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்ததை இங்கே பல வீடுகளில் பார்த்திருக்கிறார்கள், ஆகவே பயமில்லை. பாமினி எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டால் பழைய கடிதங்கள் லிப்ரே ஆபிஸில் அப்படியே திறக்கின்றன. டாலி ஓட்டும் உரக்கடைக்கும் ஃபோட்டோஷாப் ஓட்டும் ஃப்ளெக்ஸ் கடைக்கும் மிண்ட் சரிப்படாது. அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10க்கு இன்றோடு இலவசப் பாதுகாப்பு அப்டேட் முடிகிறது. காலையிலிருந்து போன்.

தரகு மண்டி அண்ணன் கேட்டார்: "இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கலாம்னு சொல்றாங்களே?" நீட்டிக்கலாம், 2026 அக்டோபர் 13 வரை. பணம் கட்டியும் வாங்கலாம். ஆனால் பணம் கட்டினாலும் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால்தான் பதிவாகும். பத்து வருடமாக உள்ளூர்க் கணக்கிலேயே ஓட்டியவருக்கு இது சங்கடம். அண்ணன் தன் சொந்த மெயிலில், தன் சொந்த எண்ணில், தானே அடித்துக் கணக்குத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றதோடு சரி. யோசித்து அவரே எடுத்த முடிவு, அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மத்தியானம் ரயில்வே கேட் போட்டவன் திறக்கவே இல்லை, நெல் வேகன் ஷண்டிங். சர்வீஸுக்கு வந்த இரண்டு பேர் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக் கூட்டம். மழை பிடித்துக்கொண்டது. அறுத்த குறுவையைக் கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் போட்டு மூடிக் காத்துக் கிடக்கிறார்கள். எழுத நேரமில்லை.

அக்டோபர் 23, வியாழன்

உள்ளூர்க் கணக்கு போட்டுக்கொடுத்தால் கடமை முடிந்துவிடாது. கடவுச்சொல்லை மறந்தால் மூன்று கேள்விதான் துணை. லேப்டாப் திருடு போனால், குறியாக்கம் இல்லாத வட்டை வேறு கணினியில் மாட்டிப் படித்துவிடலாம். வட்டு செத்தால் மேலே எங்கும் பிரதி இருக்காது. இவற்றைச் சொல்லாமல் பணம் வாங்குவது தப்பு. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்கிறேன், அமாவாசைக்கு அமாவாசை நகல் எடுங்கள் என்று நாள் குறித்துக் கொடுக்கிறேன். கடவுச்சொல்லை அவர்கள் கையாலேயே எழுதிப் பட்டா இருக்கும் பெட்டியில் வைக்கச் சொல்கிறேன்.

வாத்தியார் ஐயா போனில் கேட்டார், "செட்டப்பை முடிங்கன்னு மறுபடி மறுபடி வருதே?" செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ், அடியில் கூடுதல் அமைப்புகள். அங்கே இருக்கும் டிக்குகளை எடுத்தால் தொந்தரவு இருக்காது.

அக்டோபர் 30, வியாழன்

30 நாள் நேற்று முடிந்தது. அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்தார், மகனும் ஊரிலிருந்து வந்திருந்தான்.

கடை சிஸ்டத்தில் கணக்குக்குள் போனேன். குறியீடு அனுப்பவா என்றது. அக்காவின் பட்டன் போன் மணியடித்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். பக்கம் திறந்தது. லேப்டாப்பின் பெயர், எதிரே ஆறு ஆறாக எட்டுக் கொத்து. மகன் படிக்கப் படிக்க நீலத் திரையில் அடித்தேன். ஐந்தாவது கொத்தில் ஒரு 8ஐ 3 என்று அடித்துவிட்டேன், ஏற்கவில்லை. மூன்று பேரும் பேசவே இல்லை. திருத்தி என்டர் தட்டினேன். சுழன்றது, திறந்தது.

படங்கள் அத்தனையும் இருந்தன. நாற்றங்கால் வரப்பில் அண்ணன் மண்வெட்டியை ஊன்றி நிற்கிற படத்தை அக்கா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் இரண்டு நகல் எடுத்தேன். பிறகு குறியாக்கத்தை நிறுத்தினேன், அது அவிழ்ந்து முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் மகன் எதிர்க்கடையில் டீ வாங்கிவந்தான். கணக்குப் பகுதிக்குப் போய், உள்ளூர்க் கணக்கில் நுழைய என்ற வரியைத் தொட்டேன். பெயர் கேட்டது.

"என்ன பேர் போடலாம் அக்கா?" இதுவரை இருந்தது மகன் பெயர்.

அவர் மகனைப் பார்த்தார். "உன் பேரையே போடும்மா" என்றான். தன் பெயரைச் சொன்னார், தமிழிலேயே அடித்தேன். கடவுச்சொல்லுக்கு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவிட்டு நான் எழுந்து வெளியே வந்து நின்றேன்.