மோடத்துக்கும் மணி தெரியணும்

எங்க வீட்ல இன்னும் காப்பர் டெலிபோன் லைன்ல வர்ற டிஎஸ்எல் நெட்டுதான், மோடத்த பிரிட்ஜ் மோடுல போட்டுட்டு பிபிபிஓஇ டயல் பண்றத (யூசர் நேம், பாஸ்வேர்டு குடுத்து நெட் கம்பெனியோட கனெக்ட் ஆகறது) ஓபன்டபிள்யூஆர்டிங்கற ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர் போட்ட ரவுட்டர்கிட்ட விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லாம் நல்லாதான் ஓடுச்சு, ஆனா சாயங்காலம் ஆனா லைன் கட் ஆகும், ரெண்டு நிமிஷத்துல திரும்ப வரும். எப்ப கட் ஆச்சுன்னு மோடம் லாக்ல பாக்கலாம்னா எல்லா வரியிலயும் 1970 ஜனவரி 1 (மணி தெரியாத பொட்டி கணக்கு ஆரம்பிக்கற நாள்), காலைல 05:33, 05:41னு இருக்கு. கரண்ட் போய் வந்தா மறுபடி 05:30ல இருந்து ஆரம்பிக்கும்.

காரணம் ரொம்ப சிம்பிள். பிரிட்ஜ்ல இருக்கற மோடம் பாக்கெட்ட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தள்ளி விடுது, அவ்ளோதான். பப்ளிக் ஐபி வர்றது ரவுட்டருக்கு, அதனால நெட்டு வீட்டுக்குள்ள வர்ற வழியில இருக்கற மோடத்துக்கே நெட்டு கிடையாது, நேரம் கேக்க என்டிபி சர்வர (நெட்டுல மணி சொல்ற கம்ப்யூட்டர) தேடிட்டு சும்மா நிக்கும்.

முதல்ல ஐபி பிரச்சினை. மோடம், ரவுட்டர் ரெண்டுமே 192.168.1.1, அதனால ரவுட்டர 192.168.10.1க்கு மாத்திட்டேன். அப்புறம் ரவுட்டரோட வான் போர்ட் (மோடத்துல இருந்து வர்ற கேபிள சொருகற எடம்) மேலயே மோடம்னு இன்னொரு இன்டர்ஃபேஸ், ஸ்டேட்டிக் ஐபி 192.168.1.2, அதுல கேட்வே (வெளி நெட்டுக்குப் போற வழி) எதுவும் போடக்கூடாது. பிபிபிஓஇயும் சாதா ஐபியும் ஒரே கேபிள்ல ஒண்ணுக்கொண்ணு இடிக்காம போகும், பயப்பட வேணாம். ஃபயர்வால்ல இதுக்குன்னு தனி ஸோன் வச்சு, லேன்ல (வீட்டுக்குள்ள இருக்கற நெட்வொர்க்) இருந்து மோடத்துக்கும் மோடத்துல இருந்து வானுக்கும் (வெளி நெட்டு) வழி விட்டேன். மோடத்துல இருந்து லேனுக்கு மட்டும் விடாதீங்க, பல வருஷமா அப்டேட்டே வராத பொட்டி அது, வீட்டு கம்ப்யூட்டர்ங்க பக்கம் அதுக்கு என்ன வேலை?

இப்ப மோடத்துக்கு டீஃபால்ட் கேட்வே 192.168.1.2னு சொல்லணும். என் மோடம் பேஜ்ல அதுக்கு எடமே இல்ல, டெல்நெட்ல (கமாண்ட் டைப் பண்ணி மோடத்துக்குள்ள போற வழி) போய் ரூட் சேத்தேன், உடனே நெட்டு வந்துச்சு, பிங் போச்சு, மணியும் சரியாச்சு. ஆனா ரீபூட் பண்ணா எல்லாம் போயிடுது, எங்க ஊர்ல கரண்ட் போற லட்சணத்துக்கு இது தாங்காது.

அப்பதான் தோணுச்சு, இதுக்கு வேண்டியது மணி மட்டும்தானே, அத ரவுட்டரே குடுக்கலாமே. ரவுட்டர்ல என்டிபி சர்வர் ஆப்ஷன ஆன் பண்ணி, மோடம் ஸோன்ல இருந்து என்டிபி பயன்படுத்தற போர்ட்டான யுடிபி 123 மட்டும் உள்ள வர விட்டு, மோடத்துல டைம் சர்வர் 192.168.1.2னு குடுத்தேன். ரெண்டும் ஒரே சப்நெட் (ஒரே லோக்கல் நெட்வொர்க்), கேட்வேயே தேவையில்ல, வானுக்கு விட்ட வழியயும் மூடிட்டேன்.

நாலு நாள் லாக் பாத்தேன். 18:10, 18:12, 18:09, 18:11. அம்மா மாடி டேங்குக்கு மோட்டார் போடற நேரம்! மறுநாள் அம்மாகிட்ட சொல்லிட்டு நானே சுவிட்ச போட்டு எஸ்என்ஆர் மார்ஜின (இரைச்சலுக்கு மேல லைன் தாங்க மிச்சம் இருக்கற சிக்னல் பலம்) பாத்துட்டே இருந்தேன், 9 டெசிபல்ல இருந்தது சட்டுனு 2க்கு வந்து லைன் விழுந்துச்சு. டெலிபோன் ஒயரு மோட்டார் ஒயரோட ஒரே பைப்ல போகுது, வீடு கட்டும்போதே அப்படி இழுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை அத வெளிய எடுத்து எதிர் சுவத்து வழியா கொண்டு வந்தோம், அதுலேருந்து ஆறு மணிக்கு மோட்டார் ஓடும்போதும் 8க்கு கீழ இறங்கல.