புளியமரத்துச் செம்பிராந்து

ஜனவரி 19
செம்பிராந்துகள் வந்துவிட்டன. போன வருடக் கூடுதான், அதே கவட்டில். மழைக்காற்றில் பாதி கழன்று தொங்கியதை இரண்டுமாகச் சுள்ளி வைத்துச் சரிசெய்கின்றன. அம்மாவின் கட்டிலை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன்.

ஜனவரி 22
அம்மாவின் வலது கை இன்றும் அசையவில்லை.

ஜனவரி 27
சுள்ளி முடிந்து இப்போது இலை. பச்சை வேப்பங்கொப்பு ஒன்று மேலே போனது. செம்பிராந்து தலைக்கு மேல் வட்டமிட்டால் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார், கருடன் அல்லவா. இன்று இடக்கையால் ஒரு கன்னத்தை மட்டும் தொட்டார். மற்றக் கன்னத்தை நான் தொட்டுவிட்டேன்.

பிப்ரவரி 1
ஒன்று எழும்பாமல் இருக்கிறது. முட்டை இட்டிருக்கும். 26, 27 நாள் ஆகும். கலண்டரில் குறித்தேன்.

பிப்ரவரி 5
குருநகருக்கு மீன் வாங்கப் போனேன். வெட்டிக் கழித்த குடலைக் கடலில் எறிந்தார்கள். ஒரு பிராந்தும் தரையில் இறங்கவில்லை. காலால் தண்ணீரைத் தொட்டுத் தூக்கி, பறந்தபடியே காலை அலகுக்குக் கொண்டுவந்து தின்றன. பிணந்தின்னிக் கழுகுகள் இலங்கையில் இல்லை. இந்தக் கரையைக் கூட்டித் துடைப்பவை இவையும் காகங்களும்தான். இதை யாரும் நினைப்பதில்லை.

பிப்ரவரி 8
பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டி, "பிள்ளை, கோழிக்குஞ்சைப் பிராந்து கொண்டு போட்டுது. அந்தக் கொப்பைத் தறிச்சு விடு" என்றார். சிலவேளை குஞ்சும் எடுக்கும்தான். ஆனால் அடை இருக்கும் மரத்தில் கத்தி வைக்க விடமாட்டேன். குஞ்சு பொரித்தாலும் பறக்க ஏறக்குறைய 50 நாள் வேண்டும், சித்திரை வரை பொறுங்கோ மாமி என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இரவு முழுக்க அந்தக் கத்திதான் கண்ணுக்குள்.

பிப்ரவரி 9
அம்மாவைப் பந்தை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தவில்லை.

பிப்ரவரி 17
கூட்டில் பிராந்து ஒன்றும் இல்லை. இரண்டு காகங்கள் பக்கத்துக் கொப்பில். ஓடிப்போய்க் கல் எடுத்தேன், கை நடுங்கியது, கல் கூட்டில் பட்டுவிட்டால்? கைதட்டினேன், கத்தினேன். முட்டை குளிர எவ்வளவு நேரம் ஆகும்? மாமி மரம் ஏற ஆள் விட்டாரா? ஆணும் பெண்ணும் ஒரே நிறம், அடை இருந்தது எதுவென்றுகூட எனக்குத் தெரியாது. பிறகு வெள்ளைத் தலை ஒன்று தென்னைக்கு மேலால் வந்து இறங்கியது. காகங்கள் போய்விட்டன. உள்ளே வந்தபோது மணி மூன்று. அம்மாவின் இரண்டு மணிக் குளிசை மேசையில் அப்படியே இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18
குளிசைக்கு அலாரம் வைத்தேன்.

பிப்ரவரி 27
இருக்கிறது.

மார்ச் 1
விளிம்பில் நிற்கிறது. தலை குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து. மீனைக் கிள்ளிக் கிள்ளி யாருக்கோ கொடுக்கிறது. அம்மாவை முதுகு தாங்கி நிமிர்த்திக் காட்டினேன். "எத்தினை?" என்றார். மெதுவாக, ஆனால் தெளிவாக.

மார்ச் 2
கிளினிக். ஓட்டோ வந்துவிட்டது.