நிறுத்தியபோது நன்றாகத்தான் ஓடியது

பழைய மோட்டார் வாகனம் ஏதேனும் ஒன்றைக் கொட்டகையில் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் இந்தத் தலைப்பு வாக்கியத்தைச் சொல்வதற்கென்றே ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அப்பாவிடம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, நானும் தம்பியும் நீர்ச்சறுக்குப் பழகிய எங்கள் குடும்பப் படகு, நாங்கள் படிப்பு என்றும் வேலை என்றும் ஆளுக்கொரு திசையில் போன பிறகு, டிரெய்லரின் மீதே பல ஆண்டுகள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. நிறுத்தியபோது அது நன்றாக ஓடியது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஓடுகிற படகு தேயும். ஓடாத படகோ அழுகும், துருவேறும், இறுகும், போதாததற்குப் பிற உயிர்களின் குடியிருப்பாகவும் மாறும் என்பதுதான் அந்த வாக்கியத்தில் விடுபட்டுப்போன பகுதி.

தார்ப்பாயை விலக்கியதும் முதலில் தெரிந்தவை எலிகளின் சாதனைகளே. இருக்கைகளின் நுரைப்பஞ்சைக் குடைந்து அறைகள் அமைத்திருந்தன; எட்டுத் தீப்பொறிக் கம்பிகளின் உறையையும் கொறித்திருந்தன; படகுடன் வந்த கையேட்டைக் கிழித்து மெத்தை போட்டிருந்தன. அந்தக் கையேட்டில் நீண்டகாலம் நிறுத்தி வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை பற்றிய பக்கங்கள் ஒன்றுவிடாமல் போயிருக்க, உத்தரவாத நிபந்தனைகள் மட்டும் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. அவற்றைப் படிக்கும் பொறுமை எலிகளுக்கும் இல்லை போலும்.

இந்த வகைப் படகைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். நீர்ச்சறுக்குக்கென்றே கட்டப்பட்ட பழைய படகுகளில் இன்ஜின் பின்னால் தொங்காது. நடுவில் ஒரு பெட்டிக்குள் அமர்ந்திருக்கும். அதன் பக்கத்திலேயே, படகின் எடை நிலைகொள்ளும் இடத்துக்கு அருகில், கயிறு மாட்டும் கம்பம் நிற்கும். சறுக்குபவர் எவ்வளவு பலமாகப் பக்கவாட்டில் இழுத்தாலும் படகின் வால் அலைக்கழியாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. ஏறத்தாழத் தட்டையான அடிப்பாகம், வேகமெடுத்ததும் பின்னால் எழும் அலையைத் தாழ்வாக வைத்திருக்கும். ஆக, இதில் அழகு என்று தனியாக ஒன்றும் கிடையாது. எல்லாமே 23 மீட்டர் கயிற்றின் மறுமுனையில் இருப்பவரின் வசதிக்காக அமைந்தவை. படகுக்குள் இருப்பவர்களோ சூடான இன்ஜின் பெட்டியைச் சுற்றிக் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

இன்ஜினைப் பற்றி வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்த்துவிடலாம் என்பது மாமாவின் கட்சி. பல ஆண்டுகள் அசையாத பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம் என்பதால், பிளக்குகளைக் கழற்றித் துருநீக்கி எண்ணெயை ஊற்றி ஊறவைத்து, முதலில் நீண்ட கைப்பிடி கொண்ட ஸ்பானரால் கையாலேயே சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது தம்பியின் கட்சி. அப்பா இரு தரப்பையும் கேட்டுவிட்டு, நிறுத்தியபோது நன்றாகத்தான் ஓடியது என்று தீர்ப்பளித்தார். தம்பி அதைத் தனக்குச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு எண்ணெயை ஊற்றினான். இன்ஜின் சுற்றியது. அளவுகோலில் ஒட்டிவந்த எண்ணெய் பால்போல வெளுத்திருக்கவில்லை என்பது இன்னும் பெரிய ஆறுதல். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். ஆகவே குளிர்காலத்துக்கு முன் வடித்துவிடாத இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலே வெடித்து, நீர் எண்ணெயோடு கலந்துவிடும். அப்பா அன்று வடித்துத்தான் நிறுத்தியிருக்கிறார். இதை நாங்கள் வாய்விட்டுப் பாராட்டியது தவறாகப் போயிற்று. அதன் பிறகு ஒரு வார காலம் வேறு பேச்சே நடக்கவில்லை.

ஏரி நீரை இழுத்து இன்ஜினுக்கு அனுப்பும் பம்புக்குள் இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சக்கரம் உண்டு. வளைந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுபோனால் அதன் இதழ்கள் அப்படியே விறைத்து, பிறகு ஒடிந்துவிடும். எங்களுடையதில் ஆறு இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. புதிய இம்பெல்லரை மாட்டுவது சிறிது நேர வேலைதான். ஆனால் காணாமற்போன மூன்றையும் கண்டுபிடிக்காமல் இன்ஜினை ஓட்டினால், அவை நீர் செல்லும் வழியில் எங்கேனும் அடைத்துக்கொண்டு இன்ஜினைக் கொதிக்க வைத்துவிடும். துப்பறிதல் தொடங்கியது. இரண்டு இதழ்கள் பம்பை அடுத்த குழாயிலும், மூன்றாவது, இன்ஜினின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டின் கூட்டுக்குள்ளும் துண்டுதுண்டாகக் கிடைத்தன. தம்பி அவற்றை ஒரு தாளின் மேல் வைத்து இதழ் வடிவில் பொருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்த அம்மா, இத்தனை ஆண்டுகளில் தன் பள்ளிச் சான்றிதழைக்கூட இவன் இவ்வளவு கவனமாகத் தேடியதில்லை என்றார்.

எரிபொருள் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். எங்கள் தொட்டியில் இருந்தது மரச்சாமான்களுக்குப் பூசும் வார்னிஷின் நிறத்தையும் மணத்தையும் அடைந்திருந்தது. தொட்டியைக் காலிசெய்து, குழாய்களை மாற்றி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் புதிய கேஸ்கட்டுகளோடு சேர்த்தோம்.

தீப்பொறிக் கம்பிகளின் கதையைச் சுருக்க மனம் வரவில்லை. சிலிண்டர்களுக்கு முறைவைத்துத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் புதிய கம்பிகளை எந்த வரிசையில் செருகுவது என்ற கேள்வி எழுந்தபோது, அப்பா கண்களை மூடிக்கொண்டு, 1-3-7-2-6-5-4-8 என்று மந்திரம்போல ஒப்பித்தார். எங்களுடையது ஃபோர்டு 351 விண்ட்சர் என்ற, எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 இன்ஜின். அந்த இன்ஜினுக்கு அந்த வரிசை முற்றிலும் சரியானது. உறிஞ்சு குழாயை நீர் நிரம்பிய வாளிக்குள் விட்டு, தோட்டக் குழாயால் வாளி வற்றாமல் பார்த்துக்கொள்ள அம்மாவை நிறுத்தி, தம்பி சாவியைத் திருப்பினான். கார்புரேட்டரின் வாய் வழியாக ஒரு வெடிச்சத்தம் எழுந்தது. அதன் தலையில் இருக்கும் தீத்தடுப்பு வலை எதற்காக அங்கே இருக்கிறது என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது. தீச்சுவாலை வெளியே வரவில்லை. மாமாதான் வெளியே போயிருந்தார், கொட்டகைக் கதவுக்கு அப்பால். பிறகு தம்பி இன்ஜினின் தகட்டைத் துடைத்துப் படித்தான். சறுக்குப் படகுகளில் சிலவற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றும் இன்ஜின் பொருத்துவார்கள். எங்களுடையது அந்த வகை. அதற்கு வரிசையும் தலைகீழ்: 1-8-4-5-6-2-7-3. இதைக் கேட்ட அப்பா சற்றும் அசரவில்லை. "நான் சொன்ன வரிசை சரிதான். இன்ஜின்தான் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது" என்றார்.

கம்பிகளை மாற்றிச் செருகியதும் இன்ஜின் இருமி, புகைந்து, பின்னர் ஓடியது. வேலை முடிந்துவிட்டது என்று நாங்கள் நம்பியது அந்த மாலைப் பொழுதில் மட்டும்தான். மறுநாள் தம்பி படகின் தரையில் கால் ஊன்றியபோது தரை அமிழ்ந்தது.

ஃபைபர்கிளாஸ் படகு அழுகாது என்பது பொதுவான நம்பிக்கை. அக்காலப் படகுகளில் அந்த ஃபைபர்கிளாஸ் ஓட்டுக்கு உறுதி தருவது உள்ளே நீளவாக்கில் ஓடும் மரச் சட்டங்கள். இன்ஜினைத் தாங்கும் திருகாணிகள் இறங்குவதும் அவற்றில்தான். மரத்தைச் சுற்றிப் பிசினும் கண்ணாடி இழைத் துணியும் போர்த்தியிருப்பார்கள் என்றாலும், பிற்காலத்தில் யாரேனும் ஒரு கொக்கிக்காகத் துளையிட்டு அதை அடைக்காமல் விட்டால், நீர் அந்த வழியே இறங்கி, வெளியேற வழியில்லாமல் மரத்தை உள்ளிருந்தே தின்றுவிடும். எந்த இடம் வரை அழுகியிருக்கிறது என்பதை அறியச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், கெட்டது பொத்தென்று ஒலிக்கும். தம்பி தட்ட, மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவரைப் போல அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். தொடக்கத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. நடுப்பகுதியில் சுத்தியல் மரத்துக்குள்ளேயே போய்விட்டதால் விவாதம் முடிவுக்கு வந்தது.

தரையை அறுத்து எடுத்தோம். அடியில் நிரப்பியிருந்த மிதவை நுரை, மிதக்க வைப்பதற்கு மாறாக, நீரைக் குடித்துக் குடித்துக் கல்லாகியிருந்தது. ஒரு கன அடி நீரின் எடை சுமார் 28 கிலோ என்பதை நான் பள்ளியில் படித்திருக்கிறேன். அதை என் முதுகு படித்தது அப்போதுதான். சட்டங்களை மாற்றுவதில் ஒரு கட்டாய விதி உண்டு. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பெயர்த்துவிட்டால் படகின் கூடு தன் வடிவத்தை மறந்துவிடும். ஆகவே அடிப்பாகத்தைச் சீராகத் தாங்கவைத்து, ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் புதியதைப் பொருத்திப் பிசின் இறுகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பொறுமை மிகுந்த இந்த வேலையில் மாமாவுக்குப் பிசின் கலக்கும் பொறுப்பு கிடைத்தது. பாலியெஸ்டர் பிசினை இறுகச் செய்யும் திரவத்தை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் சொட்டுச்சொட்டாகச் சேர்க்க வேண்டும். மாமா வாழ்நாள் முழுவதும் எதையும் கைக்கணக்கில் செய்து பழகியவர். கலந்த சில நிமிடங்களில் பாத்திரம் அவர் கையைச் சுட்டது, பிறகு புகைந்தது, கொட்டகைக்கு வெளியே எடுத்துச் செல்வதற்குள் கலக்கிய குச்சியோடு சேர்ந்து இறுகியது. "சீக்கிரம் காய வேண்டும் என்றுதானே மாப்பிள்ளை நீங்கள் சொன்னீர்கள்?" என்று அவர் அப்பாவைக் கேட்டதற்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

மங்கிச் சுண்ணாம்பு பூத்த வெளிப்பூச்சை ஈரத்தோடு உப்புத்தாள் தேய்த்துப் பளபளப்பாக்கியது கைகளுக்குப் பெரிய வேலை. சொல்வதற்குச் சிறிய வேலை. டிரெய்லரின் சக்கரங்களும் அப்படித்தான்: பார்வைக்குப் புதிதாகத் தெரிந்த டயர்கள், பக்கச் சுவரில் பொறித்த வாரத்தையும் ஆண்டையும் படித்ததும் மூப்பெய்தியவை ஆயின.

பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டருக்காக ஒரு சிறு போர் நடந்தது. பழையது செத்துப்போயிருந்தது. தன் பழைய காரிலிருந்து கழற்றிய ஒன்று சும்மா கிடப்பதாகவும், அதே துளைகளில் பொருந்துவதாகவும் மாமா கொண்டுவந்து காட்டினார். உண்மையிலேயே பொருந்தியது. ஆனால் பொருந்துவது மட்டும் போதாது. காரில் பெட்ரோல் ஆவி கசிந்தால் கீழே இறங்கிக் காற்றில் கலைந்துவிடும். படகில் அது காற்றைவிடக் கனமாக அடிவயிற்றில் தேங்கி நிற்கும். அதனால்தான் படகுக்கான ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றில் தீப்பொறி வெளியே தாவாதபடி தடுப்பு வைத்திருக்கிறார்கள். கார்புரேட்டர் வெடித்த நாளில் முதலில் ஓடியவர் என்ற முறையில், மாமா இந்த வாதத்தை உடனே ஏற்றுக்கொண்டார்.

அதே காரணத்துக்காக, இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் ஊதுவிசிறியை நான்கு நிமிடமேனும் ஓடவிட்டு அடிப்பகுதிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த நான்கு நிமிடத்துக்கென்றே அப்பா ஒரு வரலாறு வைத்திருந்தார். 1922-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் நீரின் மீது சறுக்கலாம் என்று முடிவு செய்கிறார். பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்க்கிறார், முழுகுகிறார். பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டுகிறார், மறுபடியும் முழுகுகிறார். கடைசியில் அகலமான பலகைகளை வாங்கி, அவற்றின் முனைகளைத் தம் தாயாரின் செப்புப் பாத்திரத்தில் கொதிநீரில் இட்டு மேல்நோக்கி வளைக்கிறார். பலகை நுனியைத் தூக்கிப் பின்சாய்ந்து நின்றதும் நீர் அவரைத் தாங்குகிறது. அப்பா இதை விசிறியின் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொல்லி முடிக்கும்போது சரியாக நான்கு நிமிடம் ஆகியிருக்கும். ஒவ்வொரு முறையும் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "அந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று?"

நீரில் இறக்கிய அன்று வடிகால் அடைப்பான் திருகப்பட்டிருக்கிறதா என்று நால்வரும் தனித்தனியாகச் சோதித்தோம். அப்படியும் உள்ளே நீர் சொட்டியது. மாமா வாளியைத் தேடினார். ப்ரொப்பெல்லரைச் சுற்றும் சுழல்தண்டு படகின் ஓட்டைத் துளைத்து வெளியேறும் இடத்தில் மெழுகேற்றிய நார்க்கயிறு திணித்த ஒரு கழுத்து இருக்கும். தண்டு சுற்றும்போது அங்கே நிமிடத்துக்குச் சில சொட்டுகள் ஒழுகத்தான் வேண்டும், ஒழுகாவிட்டால் உராய்ந்து சூடேறும். ஒழுகுவது நல்லது என்பதை மாமாவுக்கு விளக்குவதைவிட, தண்டையும் இன்ஜினையும் சேர்க்கும் இணைப்பை நேராக்குவது எளிதாக இருந்தது. இத்தனைக்கும் அதில் விடக்கூடிய இடைவெளி 0.08 மில்லிமீட்டர்தான், நீரில் இறங்கியதும் படகின் கூடு சிறிது நெகிழ்வதால் கொட்டகையில் பார்த்த அளவை மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது.

எல்லாம் சரியென்று ஆன பிறகு தம்பி மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நீரில் குதித்தான். படகை அப்பா செலுத்தினார். சறுக்குபவரையே பார்த்துக்கொண்டு பின்புறம் நோக்கி அமர வேண்டிய கண்காணிப்பாளர் பதவி மாமாவுக்கு. தம்பி முதல் இழுப்பிலேயே எழுந்து நின்றதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். அதன் பிறகு, நெடுநாள் பழக்கத்தால், நான் வெப்பமானியைப் பார்த்தேன். அம்மா எண்ணெய் அழுத்தமானியைப் பார்த்தார். மாமா இன்ஜின் பெட்டியின் மூடியைத் தூக்கிச் சொட்டுகளை எண்ணத் தொடங்கினார். முள் 160 ஃபாரன்ஹீட்டில் அசையாமல் நின்றது. இன்ஜினின் ஒலி திடீரென்று இலகுவாகி, படகு ஒரு துள்ளலோடு வேகமெடுத்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது. "கேட்டீர்களா? கார்புரேட்டர் இப்போதுதான் சரியாகப் பிடித்திருக்கிறது!" என்றார். நாங்களும் ஆமோதித்து, அந்த ஒலியைக் கேட்டு மகிழ்ந்தபடியே கணிசமான தூரம் சென்றோம். நீர்மட்டத்தில் வெறும் கைப்பிடி மட்டும் துள்ளிக்கொண்டு பின்தொடர்வதை முதலில் கண்டவர் அம்மா.

திரும்பிச் சென்றபோது தம்பி ஒரு பலகையை நட்டுப் பிடித்துக்கொண்டு ஏரி நடுவில் மிதந்துகொண்டிருந்தான். வசவுக்குத் தயாராகவே நாங்கள் அருகில் போனோம். அவன் வாயிலிருந்த நீரைத் துப்பிவிட்டு, "சூடு எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்டான்.