நார்ச்சத்தைக் குறைக்கச் சொன்னார்கள், எதைத் தின்பது என்று சொல்லவில்லை

எனக்கு வந்திருப்பது குடலில் நாள்பட்ட வீக்கத்தை உண்டாக்கும் கிரோன்ஸ் நோய்தான் என்று உறுதியானது. சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கிச் சுருங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. வீக்கம் வடியும்வரை நார்ச்சத்து ஒரு நாளைக்கு 10 கிராமைத் தாண்டக் கூடாது என்றார் டாக்டர். மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. மாட்டிக்கொண்டது சாப்பாட்டில்தான்.

டயட்டீஷியனைப் பார்க்க டோக்கனோடு அரை நாள் காத்திருந்தேன். கைக்கு வந்தது ஓர் ஆங்கில ஜெராக்ஸ் தாள். வெள்ளை பிரெட், டின்னில் அடைத்த பீச் பழம், வான்கோழி இறைச்சி. "இட்லி சாப்பிடலாமா மேடம்?" என்றேன். "லைட்டா எது வேணும்னாலும் எடுத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

நம் வீடுகளில் உடம்புக்கு முடியாதவருக்கு லைட்டாகக் கொடுப்பது எது? கேழ்வரகுக் கஞ்சி, கீரை, கொய்யாப்பழம். எனக்கு ஆகாதவை அத்தனையும் அதில் அடக்கம். விஷயம் கேள்விப்பட்ட அத்தை வாழைத்தண்டோடு வந்து இறங்கினார். "ஒரு டம்ளர் சாறு குடிப்பா, குடல் கழுவிவிட்ட மாதிரி ஆயிரும்." வேண்டாம் என்றதில் அவருக்கு இன்னமும் மனத்தாங்கல்.

இதைவிடப் பெரிய கண்டம் மருந்துக்கடையில் காத்திருந்தது. நார் குறைந்ததும் மலச்சிக்கல் வந்தது. கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் இசப்கோல் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். பிரிக்கும் முன் டாக்டரின் உதவியாளருக்கு போன் போட்டேன். "தொடவே தொடாதீங்க" என்றார். தண்ணீர் பட்டதும் ஊதிப் பெருகும் பொருள் அது. சுருங்கிய குடலில் போய் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன் வரைக்கும் போகலாம். டாக்டர் வேறு சிரப் எழுதிக் கொடுத்தார், தண்ணீரையும் கூட்டச் சொன்னார். குடலில் சுருக்கம் இருப்பவர்கள் மலச்சிக்கலுக்குக் கடையில் கேட்டு எதையும் வாங்காதீர்கள்.

அப்புறம் அம்மாவும் நானும் உட்கார்ந்து நாங்களே ஒரு பட்டியல் போட்டோம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் நார் ஒரு கிராம்கூடத் தேறாது. வேகவைத்த கொண்டைக்கடலையில் 7 கிராமுக்கு மேல். இந்தக் கணக்கு பிடிபட்டதும் பாதி பயம் போய்விட்டது. குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், தயிர், முட்டை, முள் எடுத்த மீன் எல்லாம் தாராளம். சுரைக்காய், சௌசௌ என்றால் தோலும் விதையும் நீக்கி மசிய வேகவைக்க வேண்டும். சிறுதானியம், சுண்டல், முருங்கைக்காய், நிலக்கடலை எல்லாம் கிட்டவே வரக் கூடாது.

ஏமாற்றுபவை சின்னச் சமாச்சாரங்கள்தான். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கூடாது. அதே தேங்காயைப் பாலாகப் பிழிந்து வடிகட்டினால் இடியாப்பத்துக்கு ஆகும். ரசத்தில் தக்காளித் தோல், விதை, கறிவேப்பிலை, மிளகுச் சக்கை எதுவும் தங்காமல் டீ வடிகட்டியில் ஊற்றி எடுப்போம். மணம் குறையவில்லை, அது பெரிய ஆறுதல். உடம்புக்கு நல்லது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்ட பிஸ்கட்டுகளையும் திருப்பிப் படியுங்கள், ஓட்ஸோ கோதுமைத் தவிடோ இருக்கும். மைதாவைக் கண்டாலே முகம் சுளிக்கும் எங்கள் வீட்டில் எனக்காக மைதா பிரெட் வந்து இறங்கிய வேடிக்கையும் நடந்தது.

நடுவில் ஒரு கல்யாணம். பந்தியில் பொரியலையும் கூட்டையும் தொடாமல் சோறு, தெளிந்த ரசம், தயிர், சேமியா பாயசம் என்று முடித்து எழுந்தேன். பரிமாறியவர் "என்ன சார், காய் ஒண்ணும் பிடிக்கலையா?" என்று கேட்டதோடு சரி, வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த முறை போனபோது எங்கள் பட்டியலை டயட்டீஷியனிடம் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு போனில் படம் எடுத்துக்கொண்டார். ஜெராக்ஸ் தாள் மாறியதா என்று தெரியாது.

இது ஆயுசுக்கும் இருக்கும் பத்தியம் இல்லை. இரும்புச்சத்து, பி12 அளவுகளை இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள். பி12-ஐ உறிஞ்சுவதே சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதிதான். வீக்கம் வடிந்தபின் டாக்டர் சொல்லி, தோல் சீவிக் குழைய வேகவைத்த கேரட்டில் ஆரம்பித்திருக்கிறேன். ஒரு காய் ஒத்துக்கொண்ட பிறகுதான் அடுத்தது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் நின்றால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.