‘சரிங்க தம்பி’ என்பது சம்மதமா?

கோவையில் ஒரு சிறிய முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தில், ஆலோசகர்கள் வாடிக்கையாளர்களிடம் பேசும் தொலைபேசிப் பதிவுகளைக் கேட்டு அவர்களைச் செம்மைப்படுத்தும் பொறுப்பில் இருக்கிறேன். ஆலோசனைப் பேச்சுகளைப் பதிவுசெய்து குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதி என்பதால், பதிவுகளுக்குப் பஞ்சமில்லை, கேட்பதற்குத்தான் ஆளில்லை. மாதம் 400 அழைப்புகள் சேர்ந்தால் பத்தோ பதினைந்தோதான் என் காதுக்கு எட்டும். ஆகவே, பேச்சை எழுத்தாக்கி மதிப்பெண் போடும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று சென்ற ஆண்டு எங்களிடம் வந்தபோது மனதார மகிழ்ந்தேன்.

அது 92 மதிப்பெண் கொடுத்த ஓர் அழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்; கையில் பணிக்கொடைப் பணம் 18 லட்சம். எங்கள் இளம் ஆலோசகர் 14 நிமிட உரையாடலில் மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றைப் பரிந்துரைத்து, சந்தை அபாயம், கட்டணம், வெளியேறும் கட்டணம், நாமினி என ஒன்றையும் விடாமல் சொன்னார். அந்த அம்மா ஒன்பது முறை ‘சரிங்க தம்பி’ என்றார். கருவி அந்த ஒன்பதையும் ‘வாடிக்கையாளர் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்’ என்று குறித்திருந்தது. பேச்சு முடியும் தறுவாயில் அவர் கேட்டது இது: “அப்பறம் வட்டி மாசாமாசம் எப்பங்க தம்பி வரும்?” ஆலோசகர், “எஸ்டபிள்யூபி போட்டுக்கலாம்மா” என்றார். ‘கேள்விக்குப் பதில் அளிக்கப்பட்டது’ என்று அதற்கும் மதிப்பெண் விழுந்திருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் பதிவை நிறுத்திவிட்டேன். மியூச்சுவல் ஃபண்டை வங்கி வைப்புநிதியைப் போல வட்டி தரும் ஒன்றாகவே அவர் கடைசிவரை நினைத்திருக்கிறார். எஸ்டபிள்யூபி எனப்படும், முதலீட்டிலிருந்து தவணையாகப் பணம் எடுக்கும் முறையில் மாதந்தோறும் வருவது வட்டியன்று, தம்முடைய யூனிட்டுகளே விற்கப்பட்டு வரும் பணம், சந்தை விழுந்த நேரத்தில் அப்படி எடுத்தால் முதலும் வேகமாகக் கரையும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. கொங்குப் பேச்சில் ‘சரிங்க’ என்பது பெரும்பாலும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்’ என்ற மரியாதைச் சொல். சில வேளைகளில், மறுத்துப் பேசத் தயங்குகிறவர்கள் அதையே சொல்லி ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. இந்த மண்ணில் வளர்ந்த எனக்கே அது தெரிந்திருந்தும், ஒப்புதலைக் குறிக்கும் சொற்களின் பட்டியலில் ‘சரி’ என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

தவறு கருவியிடம் இல்லை, நாங்கள் கொடுத்த அளவுகோலில் இருந்தது. ஆலோசகர் எதையெல்லாம் சொன்னார் என்று எண்ணும்படி கேட்டோம். அது எண்ணிக் கொடுத்தது. மதிப்பெண்ணை ஊக்கத்தொகையோடு இணைத்தபின் நிலைமை இன்னும் மோசமானது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை “புரிஞ்சுதுங்களா?” என்று ஆலோசகர்கள் கேட்கத் தொடங்கினார்கள், எதிர்முனையும் “புரிஞ்சுதுங்க” என்றது.

இப்போது 100க்கு இத்தனை என்ற மதிப்பெண்ணே கிடையாது. ஒரே பதிவை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு வெவ்வேறு மதிப்பெண் வந்ததும் அதை நீக்க ஒரு காரணம். அதற்குப் பதிலாக வாடிக்கையாளர் பக்கத்துப் பேச்சை மட்டும் எடுத்து மூன்று கேள்விகள் கேட்கிறோம்: இந்தப் பணம் எதற்கு, எப்போது தேவை என்று அவர் தம் வாயால் சொன்னாரா? எவ்வளவு குறைந்தால் தாங்குவார் என்பதை ரூபாயில் சொன்னாரா? திட்டத்தைத் தம் சொற்களில் திருப்பிச் சொன்னாரா? ஒவ்வொன்றுக்கும் அவர் பேசிய வரியையும் நிமிடத்தையும் கருவி காட்ட வேண்டும்; வரி இல்லையென்றால் ‘இல்லை’ என்றே எழுத வேண்டும். பேசாத வரியை அது தானாகப் புனைந்து காட்டியதும் நடந்ததால், காட்டிய வரி எழுத்துப்படியில் அப்படியே இருக்கிறதா என்று தனியே சரிபார்க்கிறோம். தொகைகளை மட்டும் இன்றும் காதால் கேட்டுத்தான் உறுதிசெய்கிறேன். ‘ரெண்டரை லட்சம்’ எழுத்தில் ‘ரெண்டு லட்சம்’ ஆகிவிடுகிறது.

ரூபாயில் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்தது. ‘மிதமான அபாயம் ஏற்பேன்’ என்று படிவத்தில் குறித்திருந்த பலர் அந்த வாரம் விற்றுவிடச் சொல்லி அழைத்தார்கள். சதவீதம் காகிதத்தில் சிறியதாகத் தெரியும். 18 லட்சம் 13 லட்சமாகக்கூடக் குறையலாம் என்று சொன்னால்தான் எதிர்முனையில் ஒரு மௌனம் விழுகிறது.

கருவியைப் பயன்படுத்துவதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே தெரிவிக்கிறோம். 2024 டிசம்பரில் திருத்தப்பட்ட செபி விதிகளும் இதைக் கோருகின்றன. வாடிக்கையாளர் தகவல்களின் பாதுகாப்புக்கு ஆலோசகரே முழுப் பொறுப்பு என்றும் சொல்கின்றன. வேண்டாம் என்பவர்களின் பதிவு கருவிக்குப் போவதில்லை.

அந்த இளம் ஆலோசகரைச் சனிக்கிழமை மாலை அழைத்து, அறிவுரை எதுவும் சொல்லாமல், கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் போட்டுக் காட்டினேன். வட்டியைப் பற்றிய கேள்வி வந்த இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். திங்கட்கிழமை அவரே அந்த அம்மாவை மறுபடி அழைத்தார். 9 லட்சம் அஞ்சலக மாத வருமானத் திட்டத்துக்கும், 4 லட்சம் வங்கி வைப்புக்கும் என்று முடிவாயிற்று. மீதியைப் பற்றி அந்தப் பதிவின் 17ஆம் நிமிடத்தில் அந்த அம்மா சொல்கிறார்: “அப்ப இந்த அஞ்சு லட்சத்துல வட்டினு ஒண்ணும் வராதுங்க, ஏறும் எறங்கும், ஏழு வருசத்துக்கு நான் அதத் தொடக் கூடாது. அதுதானுங்க தம்பி?”

“ஆமாங்கம்மா” என்கிறார் ஆலோசகர்.