திரும்ப எடுத்த படங்களை எண்ணிப் பார்த்தோம்

செங்கோட்டையில் நான் எக்ஸ்-ரே, சி.டி. படம் எடுக்கும் ரேடியோகிராபராக இருக்கும் மருத்துவமனைக்குக் கேரள எல்லையிலுள்ள புளியரை சாவடியைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழையிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். 1956 நவம்பர் வரை இந்த ஊரே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. இங்கே மலையாளம் புதிதல்ல. எனக்கும் மலையாளம் தெரியும் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

எக்ஸ்-ரே கருவிகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தரச்சோதனை செய்து, அறிக்கையை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அந்தச் சோதனைக்கு வந்த இன்ஜினியர், குழாயின் மின்னழுத்தம் (கே.வி.), டைமர், கதிர்க்கசிவு எல்லாவற்றையும் அளந்தார். கதிர் விழும் பரப்பைக் கட்டுப்படுத்தும் கொலிமேட்டரின் வெளிச்சம் விழும் இடமும் கதிர் விழும் இடமும் சற்று விலகியிருந்தன. 100 செ.மீ. தூரத்தில் 2 செ.மீ. வரை அனுமதி உண்டு, எங்களுடையது அதற்குள்தான் இருந்தது. ஆனாலும் திருத்திக் கொடுத்தார். புறப்படும்போது, "கருவி நன்றாக இருக்கிறது. மாதத்துக்கு எத்தனை படம் அழிக்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்கள் மூவரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

ஃபிலிம் காலத்தில் இது தெரிந்திருக்கும். கெட்டுப்போன ஃபிலிம்கள் இருட்டறை மூலையில் குவிந்து கிடக்கும், கணக்கும் கேட்பார்கள். இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் படம் மறைந்துவிடுகிறது. ஆனால் நோயாளியின் உடலில் பட்ட கதிர் பட்டதுதான்.

மறுநாளே ஒரு நோட்டு போட்டோம். யார் எடுத்தது என்று எழுதக் கூடாது, ஏன் திரும்ப எடுத்தோம் என்று மட்டும் எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பெயர் எழுதினால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். எக்ஸ்போஷர், அதாவது கொடுத்த கதிர், கூடியது குறைந்தது என்றுதான் பக்கங்கள் நிறையும் என எதிர்பார்த்தேன். அந்தப் பத்தி கிட்டத்தட்ட காலியாகவே கிடந்தது. நிற்க வைத்த நிலை, அசைவு, மூச்சு ஆகிய மூன்றும்தான் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. அதிலும் மூச்சுக் கோளாறு பெரும்பாலும் மலையாளம் பேசுபவர்களின் படங்களில்.

காரணம் புரிந்தது தென்மலையிலிருந்து வந்த ஓர் அம்மச்சியால். கீழே விழுந்து விலாவில் அடி. ஸ்டாண்டில் நெஞ்சைப் பதித்து நிற்க வைத்து, "வலிக்கிறதா அம்மச்சி?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனேன். படத்தில் நுரையீரல் பாதிதான் விரிந்திருந்தது. மறுபடியும் கேட்டேன், மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறை போகும்போது, புனலூரைச் சேர்ந்த நர்ஸ் என்னைத் தடுத்தார். "அண்ணா, எங்கள் மொழியில் வலிக்குக என்றால் இழுப்பது. நீங்கள் கேட்டதும் அவர் மூச்சை இழுக்கிறார், நீங்கள் உள்ளே போவதற்குள் விட்டுவிடுகிறார். நோகிறதா என்று கேட்க வேண்டுமானால் வேதனை உண்டோ என்று கேளுங்கள்." வலியோடு நின்ற அந்த அம்மையாருக்கு என் ஒரு சொல்லால் இரண்டு எக்ஸ்போஷர் வீண். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

சி.டி. அறையிலும் இதே கதைதான். இயந்திரம் தானாகச் சொல்லும் மூச்சுக் கட்டளை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. தமிழில் என் குரலையும் மலையாளத்தில் அந்த நர்ஸின் குரலையும் பதிவுசெய்தோம். "சுவாசம் எடுத்துப் பிடிக்கூ" என்று அவர் நிதானமாகச் சொல்வார். குரல் முடிவதற்கும் ஸ்கேன் தொடங்குவதற்கும் இடையிலுள்ள நொடிகளையும் கூட்டினோம். முதியவர்களுக்கு மூச்சை நிறைக்கவே நேரம் வேண்டும். இப்போது நெஞ்சுப் படம் எதுவானாலும் உதரவிதானத்துக்கு மேல் பின்பக்க விலா எலும்புகளை எண்ணிவிட்டே அனுப்புகிறோம். ஒன்பது பத்து தெரிந்தால் மூச்சு சரி.

நோட்டில் எக்ஸ்போஷர் பத்தி காலியாக இருந்ததை நான் பெருமையாகச் சொன்னபோது எங்கள் ரேடியாலஜிஸ்ட் முகம் மாறியது. ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் கதிர் கூடக் கூட, படத்தை மங்கலாக்கும் பொடிப்பொடியான புள்ளி குறைந்து படம் அழகாகிக்கொண்டே போகும், அதனால் யாரும் திரும்ப எடுப்பதில்லை, நோட்டிலும் ஏறுவதில்லை. திரையின் ஓரத்தில் வரும் எக்ஸ்போஷர் எண்ணைப் பார்த்துவந்தபோது, பல படங்களுக்குத் தேவைக்கு மேல் கொடுத்திருந்தோம் என்பது தெரிந்தது.

சி.டி.யில் அவரே முன்னின்று சிறுநீரகக் கல் ஸ்கேனின் கதிர் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். கதிரைப் பாதியாக்கினால் புள்ளி இரண்டு மடங்காவதில்லை, சுமார் 1.4 மடங்குதான் ஆகிறது. படம் மணல் தூவியதுபோல் இருந்தது. ஆனால் கல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. கல்லீரலில் சிறு கட்டியைத் தேடும்போது இந்தச் சலுகை இல்லை, அங்கே சுற்றிலுமுள்ள திசுவுக்கும் கட்டிக்கும் நிற வேற்றுமை மிகக் குறைவு. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு வைத்தோம். வயிற்று ஸ்கேனை நெஞ்சு நடுவிலிருந்து தொடை வரை நீட்டும் பழக்கத்தையும் விட்டோம். ஸ்கேன் முடிந்ததும் வரும், மொத்தக் கதிர் அளவைக் காட்டும் டி.எல்.பி. எண் உடனே இறங்கியது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அதை எழுதி வைக்கிறோம்.

வார்டில் மொபைல் கருவியால் எடுக்கும் படங்களை இன்னும் எண்ணவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்வது வேறு வேலை. வருகிற ஒன்றாம் தேதி முதல் நோட்டு அங்கே போகிறது, நர்ஸும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.